பாரிமுனைக்குப் போகிறவர்களுக்கு: கட்டுரைகள் விட்டுவிட்ட நேரக் கணக்கு

டெல்லி, மும்பையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ்களும் பயண இதழ்களும் கொஞ்ச காலமாகப் பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுனைக் கொண்டாடி எழுதுகின்றன. சென்னையின் பழைய வணிக நகரம் மறுபடி தலையெடுக்கிறது என்பதுதான் அவற்றின் சாரம். படங்களின் வரிசைகூட அதிகம் மாறுவதில்லை: ஆர்மேனியன் சர்ச் முற்றம், தங்கசாலைத் தெரு ஜிலேபி, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) தட்டு, காசிமேட்டு மீன்பிடித் துறைமுக விடியல், ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று முடிப்பார்கள்.

இதைப் படித்த வடசென்னைக்காரர்களுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. அடிதடி, ரவுடி, கத்தி என்று மட்டுமே எழுதப்பட்டுவந்த பகுதியைச் சாப்பாட்டுக்காகவும் கடைக்காகவும் ஒருவர் தேடி வருவது நல்ல விஷயம்தான். ஆனால் மொத்த வியாபாரிகளுக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் மண்ணடியில் குடியிருப்பவர்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு. காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியபோதே இந்த ஊர் முடிந்தது என்றார்கள். காகிதம், துணி, பாத்திரம், நகை, மருந்து என்று மீதி வியாபாரம் முழுக்க இங்கேதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை யாரோ நேற்று வந்து எழுப்பிவிட்டதுபோல எழுதுவது, இங்கே முப்பது நாற்பது வருடமாகக் கடை திறந்து மூடுகிறவர்களைக் கணக்கிலேயே எடுக்காததுபோல் ஆகிவிடுகிறது.

அந்தக் கட்டுரைகளை நம்பி வரலாமா? சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்னது சரி, வரலாம். கடைவீதியைப் பற்றிச் சொன்னது பாதி சரி. நேரத்தைப் பற்றிச் சொன்னது தப்பு, அதைப் பின்பற்றினால் வந்த வேலை கெடும். பாரிஸ் (பாரிமுனையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மூன்று வேளைக்கு மூன்று விதமாக இயங்குகிற ஊர். கட்டடம் பார்க்க ஒரு வேளை, சரக்கு வாங்க ஒரு வேளை, சாப்பிட ஒரு வேளை. மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் எதுவும் உருப்படியாக அமையாது.

முதலில் வந்து சேரும் வழி. உண்மையாகவே மாறியது இதுதான், கட்டுரைகள் இதைப் பாராட்டுவதும் நியாயம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு, காரில் வர வேண்டிய அவசியம் போய்விட்டது. கார் கொண்டுவராதீர்கள். என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலோ அதற்கு உள்ளே இருக்கும் தெருக்களிலோ நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் முன்னால் ஒரு மீன்பாடி வண்டியும் பின்னால் ஒரு குட்டியானையும் (சின்ன சரக்கு வண்டி) நின்றுவிட்டால் வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆகும். பாரிமுனை, பூக்கடை, சௌகார்பேட்டை போகிறவர்கள் ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கலாம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, செகண்ட் லைன் பீச் தெரு என்றால் மண்ணடி மெட்ரோ. பர்மா பஜார், அத்தோ மட்டும்தான் வேலை என்றால் மின்சார ரயிலிலோ பறக்கும் ரயிலிலோ பீச் ஸ்டேஷனுக்கு வந்து, ராஜாஜி சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடப்பது எளிது. மேலே சாலையைக் கடக்க முயலாதீர்கள், துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் நிற்காது. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: பெண்களும் வயதானவர்களும் நம்பிப் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இந்தப் பக்கத்தில் மெட்ரோ ஸ்டேஷனுக்குள்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும்போதே போய்விட்டு வெளியே வாருங்கள். கடைத்தெருவில் அலைந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இனி நேரம். மொத்த வியாபாரக் கடைகள் காலை பத்து, பத்தரைக்குத்தான் ஷட்டர் தூக்கும். இரவு எட்டு, எட்டரைக்கு மூடும். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரைக்கும் கடைக்காரர் நின்று பேசுவார், சாம்பிள் எடுத்துக் காட்டுவார். மூன்று மணிக்கு மேல் வெளியூர் ஆர்டர்களைக் கட்டி பார்சல் ஆபீஸுக்கு அனுப்பும் வேலை தொடங்கும். அப்போது தெரு முழுவதும் டிரைசைக்கிளும் தள்ளுவண்டியும் தலைச்சுமையும்தான். கேமராவோடு நடுத்தெருவில் நிற்கிறவர்கள்மேல் மூட்டை தூக்குபவர்களுக்குக் கோபம் வருவது இந்த நேரத்தில்தான், அதில் நியாயம் இருக்கிறது. அறுபது எழுபது கிலோ தலையில் இருக்கும்போது ஒருவர் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவரால் நிறுத்த முடியாது, கழுத்துதான் போகும். ‘வழி, வழி’ என்று பின்னாலிருந்து குரல் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், கடைப்படியில் ஏறிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் லீவு. வார இறுதிக்கு ஏற்ற இடம் என்று எழுதியதை நம்பி ஞாயிறு மாலை ஷாப்பிங் வருகிறவர்கள் பூட்டிய ஷட்டர்களைத்தான் பார்க்கிறார்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும். ஆனால் அந்த வாரங்களில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவது சரியல்ல.

கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துபோகிற ஆண்டர்சன் தெருதான் இந்த ஊரின் திறமைக்கு நல்ல சாட்சி. கல்யாணப் பத்திரிகை அடிக்கத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து இங்கே வருகிறார்கள். சரியாக வாங்கத் தெரிந்தால் வெளியில் ஆகும் செலவைவிடக் கணிசமாகக் குறையும், தரமும் நன்றாக இருக்கும். தெரியாமல் வந்தால் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

ஆல்பத்தில் பார்க்கும் கார்டின் விலை வெறும் கார்டுக்கும் கவருக்கும் மட்டும்தான், அச்சுக்கூலி தனி. முதலில் கேட்க வேண்டியது இதுதான். அச்சுக்கூலியும் எத்தனை கலர், எத்தனை பக்கம், கவரின்மேலும் அடிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து ஏறும். சில நூறு கார்டு வரைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகும். ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட் மலிவு, ஏனென்றால் பிளேட் (அச்சுத் தகடு) செலவு எண்ணிக்கையில் பரவிவிடும். அடர்ந்த நிறக் கார்டில் கறுப்பு மை எடுபடாது, தங்கமோ வெள்ளியோ அடிக்க வேண்டிவரும். ஃபாயில் வேலை என்றால் கூடுதலாக நாள் ஆகும். தேவைக்குமேல் நூற்றுக்கு ஐந்தாவது சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு முப்பது கார்டு மட்டும் தனியாக அடிக்கப் போனால் மறுபடி முழு அச்சுக்கூலி கேட்பார்கள், அதே கார்டு ஸ்டாக்கில் இல்லாமலும் போகலாம்.

பிழை பெரும்பாலும் மேட்டரில்தான், அதாவது அச்சடிக்கக் கொடுக்கும் வாசகத்தில்தான் வரும். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புவது யூனிகோடு எழுத்து. பல டிடிபி (கணினியில் அச்சுக்கோக்கும்) சென்டர்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஹ போன்ற எழுத்துகள் உடையும். கொம்பும் காலும் இடம் மாறும். ஒற்றெழுத்தின் புள்ளி மெல்லிய எழுத்துருவில் அச்சில் காணாமல் போகும். அதனால் புரூஃபை (அச்சுக்கு முன் தரும் சரிபார்ப்புப் பிரதியை) செல்போனில் பார்த்து ஓகே சொல்லக் கூடாது. காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லி, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து இனிஷியல், உறவுமுறை வரிசை, நட்சத்திரம், திதி, கிழமை, முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் கிழமை ஒத்துவராமல் அச்சாகிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிற பிழை. புரூஃபில் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் பிழை உங்கள் தலையில்தான் விடியும். எடுக்கப் போகும்போது கட்டின் மேல்கார்டை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்து நான்கைந்து உருவிப் பாருங்கள். ஸ்கிரீன் மை காயாமல் அடுக்கியிருந்தால் ஒன்றின் பின்பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் மூன்று நாள் என்று சொன்னால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

காசிச் செட்டித் தெரு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பொம்மை, ஃபேன்சி, கிஃப்ட் சாமான் எல்லாம் டஜன் ரேட். ஒன்றிரண்டு கேட்டால் சில கடைகளில் தர மாட்டார்கள், தந்தாலும் விலை வேறு. வாங்கினதைத் திருப்பித் தர முடியாது என்பதை அங்கே எழுதாத சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பேட்டரி, சார்ஜர் வகையறா என்றால் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கோடவுன் தெருத் துணி ‘தான்’ கணக்கில், முழுச் சுருளாக வாங்குகிறவர்களுக்கு. ஒரு சட்டைத் துணிக்கு அங்கே போக வேண்டாம். வீட்டுக்குத் தேவையான அளவில் துணி எடுக்க எம்.சி. ரோடுதான் சரி. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை அல்லது தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்து போகலாம். வடசென்னைக் குடும்பங்களின் கல்யாணத் துணியும் பண்டிகைத் துணியும் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. பாரிமுனையோடு நின்றுவிடும் கட்டுரைகளில் அந்தத் தெருவின் பெயரே வருவதில்லை என்பது பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களின் நியாயமான குறை.

சாப்பாட்டுக்கு வருவோம். அத்தோவை ‘பர்மா நூடுல்ஸ்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதன் பின்னால் ஒரு இடப்பெயர்வு இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்தப் பத்தாண்டில் சொத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உண்டானதுதான் பர்மா பஜார். அவர்களோடு வந்த சாப்பாடு இது. வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறியிருப்பதால் அங்கேயும் நல்ல அத்தோ கிடைக்கும். பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் வரிசையில் சாயங்காலம் தொடங்கி இரவு வரை தள்ளுவண்டிகள் நிற்கும்.

நல்ல அத்தோவை எப்படிக் கண்டுபிடிப்பது? நூடுல்ஸ் ஆரஞ்சு நிறமாக, தடிமனாக இருக்கும். வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்திருப்பார்கள். அதை ஒரு கைப்பிடி அள்ளினால் இழை இழையாகப் பிரிய வேண்டும். கட்டியாக வந்தால் மதியமே வெந்து கிடந்தது என்று அர்த்தம். நீங்கள் கேட்ட பிறகுதான் பாத்திரத்தில் நூடுல்ஸ் விழ வேண்டும். அதன்மேல் பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, உப்பு, வறுத்த மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், வறுத்த பூண்டும் அதன் எண்ணெயும், கடைசியில் உடைத்துப் போட்ட தட்டை போன்ற மொறுமொறுப்பு. கையால் பிசைவதுதான் முறை. கரண்டியால் கலக்கினால் புளியும் எண்ணெயும் இழையில் ஏறாது. கையுறை போட்டுப் பிசைகிறாரா என்று பாருங்கள். அதே கையால் காசு வாங்குகிற வண்டியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கெடுவது மூன்று இடத்தில். கோஸை முன்கூட்டியே உப்போடு அரிந்து வைத்தால் தண்ணீர் விட்டுவிடும், அத்தோ சொதசொதவென்று ஆகும். புளித்தண்ணீர் அதிகமானால் பூண்டெண்ணெயின் மணம் அமுங்கிவிடும். புளி குறைவாகப் போடச் சொல்லி, தேவைப்பட்டால் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பூண்டு கருகியிருந்தால் முழுத் தட்டும் கசக்கும். வண்டியில் இருக்கும் பூண்டுக் கிண்ணத்தின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: பொன்னிறமாக இருந்தால் உட்காருங்கள், பழுப்பு என்றால் வேண்டாம். கூடவே தரும் வாழைத்தண்டு சூப் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். அத்தோ ஆறிய பண்டம், சூப்தான் சூடு. இரண்டையும் மாறி மாறிச் சாப்பிடுவதில்தான் ருசி. சூப் வெதுவெதுப்பாக வந்தால் சுட வைத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். காரம் பழகாதவர்கள் முதலில் மொய்ங்காவில் தொடங்கலாம், அது சூப்பிலேயே ஊறிய நூடுல்ஸ். அத்தோ ஃபிரை என்பது இதையே கல்லில் போட்டுப் புரட்டித் தருவது; வயிற்றுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. மசாலா முட்டையை மறக்க வேண்டாம்: அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் திணித்து, புளித்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை கறையாகும். பார்சல் வாங்குவதாக இருந்தால் சூப்பையும் மொறுமொறுப்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

சௌகார்பேட்டைப் பக்கம் பத்திரிகைகள் சொல்வதில் பெரிய தப்பில்லை. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டரில் பட்டியல் நீளமில்லை: நெய்யும் பொடியும் போட்ட இட்லி, ஊத்தப்பம். சாயங்காலத்துக்குமேல்தான் கல் சூடாகும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். நெய் தாராளமாக இருக்கும். நெய் ஆறினால் நாக்கில் படியும், அதனால் ஊத்தப்பத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காமல் சூட்டோடு சாப்பிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு இட்லித் தட்டும் ஒரு ஊத்தப்பமும் முதல் சுற்றுக்குப் போதும். தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் ஜிலேபி சட்டியிலிருந்து எடுத்த மறுநிமிடம் தின்பதற்கானது. பெட்டியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவியில் நமுத்துவிடும். முறுக்கு சாண்ட்விச்சும் அப்படித்தான். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி, சீஸ் வைத்துத் தருவார்கள். தக்காளியின் நீர் முறுக்கில் இறங்குவதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், முடித்துவிட வேண்டும். முறுக்கு மெல்லியதாக இருந்தால் தக்காளி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். காசுக்கு செல்போன் ஸ்கேன் எங்கும் ஓடும். இருந்தாலும் கூட்ட நேரத்தில் நெட்வொர்க் திணறும், சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

கட்டடங்களுக்கு ஞாயிறு காலைதான் நல்ல வேளை. வண்டி இல்லை, மூட்டை இல்லை, அண்ணாந்து பார்த்து நடக்கலாம். 1892இல் திறந்த ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களை வெளியிலிருந்தும், பாரி கம்பெனியின் டேர் ஹவுஸை எதிர்த்த மூலையிலிருந்தும் பார்த்துவிட்டு ஆர்மேனியன் தெருவுக்குள் நுழையுங்கள். 1772ஆம் ஆண்டு ஆர்மேனியன் சர்ச் காலையில்தான் பார்க்கக் கிடைக்கும்; மாலையில் போனால் கதவு சாத்தியிருக்கும். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கும் காலையே போய்விடலாம். 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் கைவிடப்பட்ட நினைவுச்சின்னம் இல்லை. இன்றைக்கும் மின்சார ரயில் நின்று போகிறது. பீச்சிலிருந்து டிக்கெட் எடுத்து ரயிலிலேயே போய் இறங்குவதுதான் அதைப் பார்க்கச் சரியான வழி. வழிகாட்டியோடு நடக்கும் குழுவில் சேர்வதாக இருந்தால் பத்துப் பேருக்கு மேல் உள்ள குழுவைத் தவிருங்கள். இந்தத் தெருக்களின் அகலத்துக்கு இருபது பேர் நின்றால் தெருவே அடைபடும்; பின்வரிசைக்கு எதுவும் கேட்காது.

மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், தண்ணீர் நிற்பதைப் பற்றி இந்தக் கட்டுரைகளில் ஒரு வரி வருவதில்லை. காரணம் பழையது. ஜார்ஜ் டவுனின் பழைய இரண்டு பகுதிகளான முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே இருந்த பள்ளத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீஃபன் பொப்பம் என்ற வழக்கறிஞர் தூர்த்துப் போட்டதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. தாழ்ந்த நிலம் அப்படியே தாழ்ந்துதான் இருக்கிறது, கடைகளின் நெருக்கமும் கழிவுநீரின் அளவும் பல மடங்கு ஆகிவிட்டன. பலத்த மழை பெய்த மறுநாள் வராதீர்கள். வந்தே ஆக வேண்டும் என்றால் ஷூ வேண்டாம், பிடிப்புள்ள செருப்பு போதும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கிவைக்கப்பட்டது. புதிய கட்டடங்களின் படங்களைப் பத்திரிகைகள் போடுகின்றன, போடட்டும். இங்கே குடியிருப்பவர்கள் எதிர்பார்ப்பது சாக்கடைக் குழாய், குடிநீர், மூட்டை தூக்குபவர் உட்கார ஒரு நிழல், தெருமுனைக்கு ஒரு கழிப்பறை. விருந்தாளிக்கும் தேவை அதுவேதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தேசியப் பத்திரிகைகள் வந்தன, எழுதின. மீனவர்கள் அதை மறக்கவில்லை. பாரிமுனை ஜிலேபியைப் பற்றி எழுதும்போது மணலியும் எண்ணூரும் திருவொற்றியூரும் அதே வடசென்னைதான் என்பது ஒரு பத்தியிலாவது இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது அதிகப்படி இல்லை.

காசிமேட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னே போய்ச் சேருங்கள். ஞாயிறு கூட்டம் அதிகம், விலையும் அதிகம். வாரநாளில் பேரம் படியும். ஏலத்தில் கூடைக் கணக்கில்தான் எடுக்க முடியும், வீட்டுக்கு வேண்டுமென்றால் ஏலத்தில் எடுத்துப் பிரித்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் குழி விழக் கூடாது. சுத்தம் செய்து வெட்டித் தருவதற்குத் தனிக்கூலி, முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகில் வரும் மீன்தான் புதுசு. பெரிய வஞ்சிரம் கண்ணில் பட்டால் எந்தக் கடலிலிருந்து, எத்தனை நாள் ஐஸில் வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.